மாலை வகுப்புக்கு ஒரு மட்டைப் பெட்டி: வன்னிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

மாங்குளம் சந்தியில் இறங்கி, ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்கோ மல்லாவி பஸ்ஸுக்கோ காத்து நிற்கும் இளம் ஆசிரியர்களைக் காணும்போதெல்லாம் என் கண் அவர்களுடைய பைக்குத்தான் போகும். மடிக்கணினி, சுருட்டிய மின்வயர், சிலரிடம் ஒரு சிறிய புரொஜெக்டர். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், என் மாலை வகுப்பில் தினமும் கைக்கு வந்தவை ஒரு பால்மா மட்டைப் பெட்டி, வெட்டிய அட்டைகள், ஒரு 80 பக்கக் கொப்பி. மடிக்கணினியை வாரத்துக்கு ஒரு நாள் திறந்தால் பெரிய காரியம்.

புது நியமனம் பெற்று வருகிறவர்களுக்காகவும், பல்கலைக்கழகம் முடித்துவிட்டு ஊரில் மாலை வகுப்புத் தொடங்க நினைக்கிற அண்ணாமார், அக்காமாருக்காகவும் இதை எழுதுகிறேன். அட்டையும் பெட்டியும் வைத்து நான் கற்பிக்கும் இந்த முறைக்குக் கருத்தரங்குகளில் ‘தனிப்பயனாக்கப்பட்ட கற்றல்’ என்று பெயர். நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் சொல். பிள்ளைக்கேற்ற கற்பித்தல் என்றே நான் சொல்லி வருகிறேன். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் படியிலிருந்து தொடங்குவது. அவ்வளவுதான்.

இந்த எண்ணம் புதியதும் இல்லை. பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று அமர்ந்து கற்பித்தபோது, அப்படிப் படித்த சராசரி மாணவன் வழமையான வகுப்பில் படித்த 100 பேரில் 98 பேரைத் தாண்டிவிட்டான் என்று அதில் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகள் அத்தனை பெரிய பலனைக் காணவில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது: ஆளுக்கோர் ஆசிரியரை எந்த நாட்டாலும் வைக்க முடியாது, அப்படியானால் ஒரே ஆசிரியர், முழு வகுப்பு என்ற நிலையில் அந்தப் பலனை எப்படி எட்டுவது? இன்று உலகில் ‘நவீன கல்வி’ என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு ஆளாளுக்குச் சொல்லும் பதில்தான். சிலர் கணினியால் பதில் சொல்கிறார்கள், சிலர் அட்டையால். வன்னியில் அட்டையில் தொடங்குங்கள் என்பது என் அனுபவம்.

முதலில் ஊரைக் கேளுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடசாலை அதிபரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். சனசமூக நிலையத்துக் கட்டடம் கிடைக்குமா என்று கேளுங்கள். மாதர் சங்கத்தாரிடம் பேசி, வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் ஒரு தாயாவது அங்கே இருக்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகளுடைய பாதுகாப்புக்கும் உங்களுடைய நல்ல பெயருக்கும் அது வேண்டும். காட்டோரக் கிராமம் என்றால் யானை வரும் நேரத்தை ஊரார் சொல்வார்கள். அதற்குள் கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்திருக்க வேண்டும். மூன்றரைக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிப்பது எங்களுக்குச் சரிவந்தது.

நாட்காட்டியைப் பாடசாலைத் தவணையை மட்டும் வைத்துப் போடாதீர்கள். காலபோக விதைப்பும் அறுவடையும் எப்போது, மாரி மழையில் எந்தப் பாதை மூடும், கரையோரத்தில் எந்த மாதம் குடும்பம் முழுவதும் மீன்பிடி வாடிக்கு இடம் மாறும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் வராத பிள்ளை திரும்பி வரும்போது அதற்கு இடம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தும் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு இடம் இருக்காது. அட்டைகளோடு நடக்கும் வகுப்பில், விட்ட அட்டையிலிருந்து அது தொடரும்.

இன்னொன்று. போர் முடிந்த 2009இல் பத்து, பன்னிரண்டு வயதாக இருந்தவர்கள்தான் இன்று சின்ன வகுப்புப் பிள்ளைகளின் தாய் தந்தையர். படித்துக்கொண்டிருந்த வயதில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, செட்டிகுளத்து முகாம் கொட்டகையில் விட்ட பாடத்தைத் தொடர்ந்தவர்கள் அவர்களில் பலர். “வீட்டில் அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா” என்று ஒரு பிள்ளையிடம் சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பாடத்தைப் பிள்ளை தனியே செய்யக்கூடியதாகக் கொடுங்கள்.

படியைக் கண்டுபிடித்தல்

முதல் வாரம் எதுவும் கற்பிக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அருகில் இருத்தி, ஆளுக்குப் பத்து நிமிடம், வாய்மொழியாகப் பாருங்கள். மற்றப் பிள்ளைகள் அந்த நேரம் படம் வரையட்டும், விளையாடட்டும். எழுத்துப் பரீட்சை வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பி பதில் சொல்லும். பிள்ளையின் நிலை தெரியாது.

இந்தியாவில் 1995இல் மும்பையில் தொடங்கப்பட்ட பிரதம் என்ற அமைப்பு வாசிப்பைப் பார்க்க மிக எளிய ஒரு வழியை வைத்திருக்கிறது. எழுத்து, சொல், சிறு பந்தி, கதை என்று ஒரே தாளில் நான்கு பகுதி. பிள்ளை எதை வாசிக்கிறதோ அதுதான் அதன் படி; எழுத்தே தடுமாறினால் தொடக்கப் படி. ஆக ஐந்து படி. இப்படிப் படி பார்த்துக் கற்பிக்கும் முறை பலன் தருகிறதா என்று பல ஆண்டுகள் களத்தில் சோதித்துப் பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள். 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் இருவர் இவர்கள்.

உங்கள் தாளை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுத்துகளில் ல, ள, ழ, ர, ற, ந, ன, ண கட்டாயம் இருக்கட்டும். சொற்களை இரண்டு வரிசையாக எழுதுங்கள். முதல் வரிசை மரம், குளம், பசு, கடல் போல இலேசானவை. இரண்டாவது வரிசையில் கோழி, வெயில், தேங்காய், பௌர்ணமி போலக் கொம்பும் காலும் வருபவை. முதல் வரிசையைச் சரளமாக வாசித்துவிட்டு இரண்டாவதில் நின்றுவிடும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு ‘வாசிக்கத் தெரியாது’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையில் அவர்களுக்கு வராதது உயிர்மெய்க் குறிகளில் ஐந்தாறுதான். மூன்று வாரத்து வேலை. பந்திக்கு இவ்வளவு போதும்: “எங்கள் ஊரில் ஒரு குளம் இருக்கிறது. மழை பெய்தால் குளம் நிரம்பும். மாடுகள் அங்கே தண்ணீர் குடிக்கும்.” வாசித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, “மாடு எங்கே தண்ணீர் குடித்தது?” என்று கேளுங்கள். ஓசை ஒழுங்காக வந்து, பொருள் வராத பிள்ளையை இந்தக் கேள்வி காட்டிக்கொடுக்கும்.

கணிதத்தில்தான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது. 43-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை 34 என்றது. இன்னொரு பிள்ளை 36 என்றது. சரியான விடை 26. இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தால் இருவரும் ஒரே நிலை. ஆனால் விடை எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். 34 சொன்ன பிள்ளை, ஏழிலிருந்து மூன்றைக் கழித்து நான்கு, நான்கிலிருந்து ஒன்றைக் கழித்து மூன்று என்று, எங்கும் பெரியதிலிருந்து சிறியதையே கழிக்கிறது. கடன் வாங்குதல் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 36 சொன்ன பிள்ளை கடன் வாங்கிப் பதின்மூன்று ஆக்கி, ஏழைக் கழித்து ஆறு என்று சரியாக எடுத்துவிட்டது; கடன் கொடுத்த நான்கை மூன்றாகக் குறைக்க மறந்துவிட்டது. முதற் பிள்ளைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் வேண்டும்; ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால்தான் பிடிபடும். இரண்டாவது பிள்ளைக்கு ஓர் ஈர்க்கும் வேண்டாம், நான்கை வெட்டி மூன்று என்று எழுதும் பழக்கம் வந்தால் போதும். பிள்ளைக்கேற்ற கற்பித்தல் என்று யார் எவ்வளவு விரித்துச் சொன்னாலும் எனக்கு நினைவுக்கு வருவது இந்த 34-உம் 36-உம்தான்.

பெரிய வகுப்புகளிலும் இதே கதை. 0.25 பெரிதா, 0.3 பெரிதா என்று தரம் 8 பிள்ளைகளிடம் கேளுங்கள். 25 பெரிய எண் என்பதால் 0.25 என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பவர்களும் இருப்பார்கள். இந்தப் பிள்ளைகளைச் சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களுக்கு முன் இருத்தி வாரம் ஒன்று செய்விப்பது வீண் வேலை. தசமமும் பின்னமும் ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதத்தைக் கொடுத்துவிட்டு வினாத்தாளுக்கு வாருங்கள்.

குழுப் பிரித்தல், வெட்கம் தவிர்த்தல்

படி தெரிந்தபின் வகுப்பு வாரியாக இருத்தாமல் படிவாரியாக இருத்துங்கள். இங்கேதான் சிக்கல். மீசை அரும்பும் தரம் 8 பையனைத் தரம் 3 பிள்ளைகளோடு இருத்தினால் மறுநாள் அவன் வரமாட்டான். நான் இந்தத் தவறைச் செய்தேன். ஒரு பையனைத் திரும்பக் கொண்டுவர அவனுடைய மாமாவோடு மூன்று முறை பேச வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். வாசிப்புக்கு ஒரு குழு, கணிதத்துக்கு வேறு குழு. வாசிப்பில் பின்னால் நிற்கும் பிள்ளை கணக்கில் முன்னால் நிற்பது சாதாரணம். கடையில் சாமான் வாங்கி மிச்சக் காசு எண்ணும் பிள்ளைகளுக்கு மனக்கணக்கு நன்றாகவே வரும். ஆகவே எந்தப் பிள்ளையும் முழு நேரமும் கீழ்க் குழுவில் இராது. அடுத்தது, பெரிய பிள்ளைகளுக்குத் தனி மேசை. பாடம் அதே படிதான், ஆனால் அட்டையில் வரும் விடயம் வேறு. குருவியும் முயலும் வரும் கதையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். பசளைப் பையின் பின்புறத்துக் குறிப்பு, பஸ் நேர அட்டவணை, கிரிக்கெட் செய்தி கொடுங்கள். சொல்லின் கடினம் ஒன்றேதான், மரியாதை வேறு.

குழுக்களுக்கு இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு என்று குளங்களின் பெயர் வைத்தோம். எந்தக் குளம் எந்தப் படி என்று பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. அதனால்தான் நான்கு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்துக் குழு மாற்றுவது முக்கியம். மாறாத குழு சாதிபோல ஆகிவிடும்.

புளூம் 1968இலேயே சொன்ன ஒரு விடயம் இங்கே உதவும். ஒரு படியை நன்றாகத் தேறாமல் அடுத்த படிக்குப் போகவிடாதே, அதற்கு எடுக்கும் காலம் பிள்ளைக்குப் பிள்ளை மாறட்டும் என்றார். பாடசாலையில் காலம் எல்லோருக்கும் ஒன்று, தேர்ச்சி ஆளுக்கொன்று. மாலை வகுப்பில் இதைப் புரட்டிப்போடலாம். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்று உங்களை யாரும் நெருக்கப்போவதில்லை. பத்தில் எட்டு, ஒன்பது சரி என்றால் அடுத்த படி என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

அட்டைகள்

நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற மூன்று குழுக்களும் சும்மா இருக்கக் கூடாது. இதுதான் நடைமுறையில் பெரிய தலைவலி. பல்தர வகுப்பு நடத்தும் சிறிய பாடசாலை ஆசிரியர்களுக்கு இது புதிதாக இராது. கொலம்பியாவின் மலைக்கிராமங்களிலும் இதே தலைவலிதான். அங்கே 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’ முறையில், பிள்ளைகள் தாமே வாசித்துச் செய்யும் வழிகாட்டிப் புத்தகங்களை ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் அட்டைகளையும் ஏணிப்படத்தையும் நம்பியது. ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுக்கும்.

அட்டை செய்யும் முறை இது. பால்மாப் பெட்டி, பிஸ்கற் பெட்டிகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள். முன்புறம் ஒரே ஒரு வேலை, பின்புறம் விடை. மூலையில் குழுவின் நிறமும் இலக்கமும். அகலமான தெளிந்த ஒட்டுநாடாவால் இரண்டு பக்கமும் மூடினால் ஓர் ஆண்டு தாங்கும். ஓர் அட்டையில் இரண்டு வேலை வைக்காதீர்கள். பிள்ளை இலேசானதைச் செய்துவிட்டு அட்டையைத் திருப்பி வைத்துவிடும்.

கணக்குகளை ஊரிலிருந்து எடுங்கள். “மூன்று ஏக்கர் வயலுக்கு, ஏக்கருக்கு இரண்டு புசல் வீதம் விதைநெல் வேண்டும். ஒரு புசல் 21 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் எத்தனை கிலோ?” இதைச் செய்த பிள்ளை வீட்டில் போய் அப்பாவிடம் கேட்கும். அவர், “அவ்வளவு போதாது, இந்த நெல்லுக்கு மூன்று வேண்டும்” என்பார். மறுநாள் பிள்ளை அதே கணக்கை மூன்று வைத்துச் செய்துகொண்டு வரும். ஒரு ஏக்கர் 16 பரப்பு என்ற வாய்ப்பாடும் அப்படித்தான். பாடப்புத்தகத்தில் ஹெக்டேயர் வரும்போது ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும்.

ஐந்து அறைப் பெட்டி

மறதியைப் பற்றி முதலில் கணக்கு வைத்துப் பார்த்தவர் எபிங்ஹவுஸ் என்ற செருமானியர். பொருளில்லாத அசைகளைத் தானே மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. இடைவெளி விட்டு மறுபடி பார்த்தால் தங்குகிறது. இதைச் சாதாரண மக்கள் கையாளக்கூடிய பெட்டியாக ஆக்கியவர் செபஸ்தியன் லைட்னர். அவருடைய முறை 1972இல் வெளிவந்தது. இன்று தொலைபேசிகளில் ஓடும் சொற்பயிற்சிச் செயலிகள் பலவற்றின் உள்ளே இருப்பது இந்தப் பெட்டிதான்.

ஒரு நீளமான மட்டைப் பெட்டியை எடுத்து ஐந்து அறையாகத் தடுங்கள். ஆங்கிலச் சொல், வாய்ப்பாடு, விஞ்ஞானச் சொல், எழுத்துப் பிழை வரும் தமிழ்ச் சொல் என்று பிள்ளைக்குத் தடுமாறும் எல்லாவற்றையும் துண்டு அட்டையில் எழுதி முதல் அறையில் போடுங்கள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. முதல் அறை அட்டைகளைத் தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாவது அறைக்குப் போகும். அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அங்கும் சரி என்றால் மூன்றாவது அறை, வாரம் ஒருமுறை. நான்காவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவது மாதம் ஒருமுறை. எந்த அறையில் இருக்கும்போது பிழைத்தாலும் அட்டை நேரே முதல் அறைக்குத் திரும்பிவிடும். பாம்பும் ஏணியும் விளையாட்டுப் போல என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு உடனே பிடிபடும்.

விடையைப் பார்ப்பதற்கு முன் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். புரட்டிப் பார்த்துவிட்டு “எனக்குத் தெரியும்” என்று சொல்வது கணக்கில் வராது. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நினைவிலிருந்து எடுக்க முயல்வதே நீண்ட நாள் தங்க வைக்கிறது என்று ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல்நாள் கொப்பியை ஐந்து முறை வாசிப்பார்கள். கொப்பியை மூடிவைத்து ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஒரு நாளைக்கு ஐந்து புதிய அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆர்வக்கோளாறில் முதல் வாரமே நூறு அட்டை போட்ட பிள்ளைகள் இரண்டாவது வாரம் பெட்டியைத் திறக்கவே இல்லை. பெட்டியைத் தரையில் வைக்கவும் வேண்டாம். கறையானுக்கும் எலிக்கும் மட்டை என்றால் மிகவும் இஷ்டம்.

திரை எப்போது?

படி பார்த்தல், குழு, அட்டை, பெட்டி ஆகிய நான்கும் ஓடத் தொடங்கிய பிறகு திரையைக் கொண்டுவாருங்கள். முன்னால் கொண்டுவந்தால் நடப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு பாடசாலைக்கு டெப் கணினிகள் வந்தன. கையளிப்பு விழா, மாலை, படப்பிடிப்பு எல்லாம் நடந்தது. பிறகு அலுமாரியில் பூட்டிவிட்டார்கள், பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது மின்கலம் வீங்கியிருந்தது. பெறுமதியான பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணமே அதைக் கெடுத்தது.

டேட்டாவுக்குக் காசு வேண்டும்; சிக்னல் சில இடத்தில் மதகடியில் நின்றால்தான் வரும். ஆகவே இணையம் இல்லாமல் ஓடும் வழியைத் தேடுங்கள். ‘கோலிப்ரி’ என்ற இலவச மென்பொருளை ஒரு பழைய மடிக்கணினியில் நிறுவி, பாடங்களை நகரில் வைத்தே இறக்கிக்கொண்டு வந்தால், கிராமத்தில் இணையமே இல்லாமல் அக்கணினியோடு மற்றக் கருவிகள் இணைந்து பாடம் பார்க்கலாம். கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்திலும் நம் பாடத்திட்டத்துக்கு உரியவை தமிழில் இருக்கின்றன. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும் நாளில் வேண்டியவற்றை இறக்கி வையுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு கருவி போதும். மூன்று பிள்ளைகள் ஒரு திரையைப் பார்த்து வாதாடுவது, ஆளுக்கொரு திரையைப் பார்த்து மௌனமாக இருப்பதைவிட நல்லது.

தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பயன்படுத்தும்போது ஒரு எச்சரிக்கை. அவை நல்லவை, ஆனால் கலைச்சொல் வேறு. நம் பிள்ளை விஞ்ஞானம் என்று படிப்பதை அவர்கள் அறிவியல் என்பார்கள். பௌதிகவியல் அங்கே இயற்பியல். இரசாயனவியல் அங்கே வேதியியல். நமக்கு ஒட்சிசன், ஐதரசன். அவர்களுக்கு ஆக்சிஜன், ஹைட்ரஜன். நம்முடைய கலம் அவர்களுடைய செல். திணிவு என்று நாம் சொல்வதை அவர்கள் நிறை என்பார்கள்; நம் பாடத்தில் நிறை என்றால் புவி இழுக்கும் விசை, அதை அவர்கள் எடை என்பார்கள். கடைசி இரண்டும் ஆபத்தானவை, ஏனென்றால் சொல் ஒன்று, பொருள் வேறு. பரீட்சைத் தாளில் இந்தக் குழப்பம் புள்ளியைத் தின்னும். காணொளி காட்டுமுன் இரண்டு நிரலாக ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. என் நிலைப்பாடு இது: அதைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு முன் உங்கள் கையில் வையுங்கள். “தரம் 5 மட்டத்தில், வயலையும் குளத்தையும் வைத்து, கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகள் இருபது தா” என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தரும். இரவு பதினொரு மணி வரை அட்டை எழுதிய எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் விடைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கணக்கிலும் பிழை விடும், தமிழிலும் விடும், இந்தியக் கலைச்சொல்லையும் கலந்து தரும். பிள்ளைகளுடைய பெயரையும் குடும்ப விபரத்தையும் அதற்குள் எழுதவே வேண்டாம். பெரிய பிள்ளைகள் தாமே பயன்படுத்துவதாக இருந்தால், “விடையைச் சொல்லாதே, நான் எங்கே பிழைத்தேன் என்று மட்டும் சொல்” என்று கேட்கப் பழக்குங்கள்.

இடையில் ஒன்று. பயிற்சிப் பட்டறைகளில் ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர்’ என்று பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அப்படிப் பிரித்துக் கற்பித்தால் அதிகப் பலன் கிடைக்கும் என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008இல் உளவியலாளர் நால்வர் ஆய்வுகளைத் தேடிப் பார்த்து எழுதினார்கள். பிள்ளைக்கேற்ற கற்பித்தல் என்ற பெயரில் இதற்கு நேரம் செலவிட வேண்டாம். பிள்ளை எந்தப் புலனால் கற்கிறது என்று ஆராய்வதைவிட, எதை இன்னும் கற்கவில்லை என்று பாருங்கள்.

கொப்பி

பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே பெயரும் வந்த நாளும். கீழே மூன்றே நிரல்: திகதி, எதில் தடுமாறியது, என்ன செய்தேன். “கணிதம் 40 புள்ளி” என்று எழுதினால் பயனில்லை. “கடன் வாங்கியபின் பத்தின் இடத்தைக் குறைக்க மறக்கிறாள்” என்று எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் எல்லாப் பிள்ளைக்கும் எழுத முடியாது. நாளைக்கு ஐந்து பிள்ளை என்று வைத்தால் வாரத்தில் எல்லோரும் வந்துவிடுவார்கள். குடும்பக் கஷ்டம், வீட்டுச் சண்டை போன்றவற்றை இதில் எழுத வேண்டாம், கொப்பி யார் கையிலும் போகக்கூடும்.

தாய்மாரிடம் பேசும்போது இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பேசுங்கள். “மகன் படிக்கிறான் இல்லை” என்ற பொதுவான பேச்சு அங்கே எழாது. “போன மாதம் சொல் வாசித்தார், இந்த மாதம் பந்தி வாசிக்கிறார், அடுத்தது கதை” என்று சொன்னால், தன் பிள்ளை நகர்கிறது என்று தாய்க்குப் புரியும்.

இந்தக் கொப்பியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. வன்னியில் ஆசிரியர்கள் தங்குவதில்லை. கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியா நகருக்கோ இடமாற்றம் வரும். அதில் குற்றமில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. தொண்டர்களாக வந்த அண்ணாமாருக்கும் வேலை கிடைத்துவிடும். போகிறவர் பிள்ளைகளைப் பற்றி அறிந்ததெல்லாம் அவரோடு பஸ் ஏறிவிடும். அடுத்து வருகிறவர் மறுபடி தரம் 8 என்றால் தரம் 8 பாடம் என்று தொடங்குவார். 36 சொன்ன பிள்ளை மறுபடி வெறும் பிழைக்காரப் பிள்ளையாகிவிடும்.

ஆகவே இடமாற்றக் கடிதம் வந்த அன்றே, அடுத்து வருகிறவர் யார் என்று விசாரியுங்கள். முடிந்தால் இரண்டு நாள் கூட இருந்து, ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தைக் காட்டி அறிமுகம் செய்யுங்கள். யாரும் வரவில்லை என்றால் கொப்பியையும் அட்டைப் பெட்டிகளையும் பொலித்தீன் பையில் சுற்றி, வகுப்பில் வந்து இருந்த அந்தத் தாயிடம் கையளித்துவிட்டு, எந்த நிறம் எந்தப் படி என்று முதற் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள்.